பத்து நிமிடப் பேச்சுக்கு அனுமதி

மீட்டர்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று சொன்னால், அவரைப் புகழ்வதாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது அவரிடம் இருந்த ஒரு குறை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து, கண்ணாடியில் படிந்திருக்கும் பாசியைக் கட்டைவிரலால் துடைத்து, உள்ளே என்ன எண் தெரிகிறதோ அதை எழுதிக்கொண்டு வருவது அவருடைய வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எண் எவ்வளவோ அவ்வளவுதான். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். தெருக்களில் அவருக்கு வைத்திருந்த பெயர்கள் பல. அவற்றில் அச்சில் போடக்கூடியது மீட்டர்காரர் என்ற ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனிதரைச் சுயக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கமே விட்டிருக்கக் கூடாது. ஆனால் சுற்றறிக்கை வந்துவிட்டது. தண்ணீர்த் துறை ஊழியர் ஒவ்வொருவரும் மாத முடிவுக்குள் ஒரு தனிப்பட்ட இலக்கையும், அதில் தவறினால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் ஒரு தண்டனையையும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு முழுக்க முழுக்கச் சொந்த விருப்பம். விருப்பம் இல்லாதவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஊழியர் மருத்துவமனையில் படுக்கை கிடையாது.

மீட்டர்காரர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். வாரியத்தின் கூடத்தில், 'உங்களைத் தண்டிக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பதிவாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை மாதிரி முகம், தாதியம்மா மாதிரிக் குரல்.

"இலக்கு சொல்லுங்க சார்."

"சிகரெட்ட விடணும்மா. ஒரு நாளைக்கு நாலு புடிக்கிறேன்."

"ரொம்ப நல்லது. தண்டனை?"

"புடிச்சா அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன்."

அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவருடைய வயிற்றைப் பார்த்தார். "தொப்பை இருக்கே சார். பட்டினி கெடந்தா உங்களுக்கு நல்லதுதானே? தண்டனையில லாபம் வரக் கூடாது. எட்டாம் விதி."

"அப்ப, நாலு மாடி ஏறி எறங்கறேன்."

"அது உடற்பயிற்சி."

"அநாதை இல்லத்துக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கறேன்."

"புண்ணியம் சேந்துடும்." அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெற்ற மகனிடம் கேட்பதுபோல் கேட்டார். "இவ்வளவு கஷ்டப்படாதீங்க. ஒரு நாள்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்ச நேரம் எது? அத மட்டும் சொல்லுங்க."

மீட்டர்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை. "சாயந்தரம் வேல முடிஞ்சு போனா, வீட்டுக்காரி டீ போட்டுக் குடுப்பா. பின்வாசப் படியில ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு இருப்போம். பெரிசா ஒண்ணும் இல்ல. இவன் என்ன சொன்னான், அவ என்ன சொன்னான்னு..."

அம்மாளின் முகம் மலர்ந்தது. எழுதினார். 'சிகரெட் ஒன்றுக்கு, மனைவியுடன் ஒரு நாள் பேச்சு கிடையாது. தவறு கூடக் கூடத் தண்டனை இரட்டிப்பாகும்.' படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஒன்று தண்டிப்பவர், இன்னொன்று தண்டிக்கப்படுபவர். இரண்டிலும் அவரே போட்டார். கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தவறு நடந்தால் தானே எழுதி வாரா வாரம் சனிக்கிழமை காட்டச் சொன்னார்கள். சரிபார்க்க யாரும் வர மாட்டார்களாம். நம்பிக்கைதான் வாரியத்தின் அடித்தளமாம்.

வீட்டில் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டும் பேசத் தெரிந்தவள். "ஏங்க, தண்டனை உங்களுக்கா எனக்கா? நான் இவ்வளவையும் யார்கிட்டப் பேசறது, தையல் மெஷின்கிட்டயா?"

முதல் தவறு பத்தாம் நாள் நடந்தது. ஒரு வீட்டு நாய் காலைக் கவ்வப் பார்த்து, பதற்றத்தில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். அன்று மாலை படியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆமாம் இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகப் பார்த்துக் கேட்டாள். "டீ நல்லாருக்கா? சக்கர போதுமா? நாய் மேல கோவமா? என் மேல?" அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த மாலை நன்றாகத்தான் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை குறிப்பேட்டை நீட்டும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அம்மா, தலையாட்டினா அது பேச்சுல சேருமா?" என்று கேட்டுவைத்தார்.

வாரியம் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. யாருமே அந்த அளவுக்குத் தண்டனையை நிறைவேற்றியதில்லை. உடனே மூன்று பேர் குழு போட்டார்கள். தலையாட்டல், கையசைவு, பொருள்படும்படி இருமுதல், பொருள்படும்படி இருமாமல் இருத்தல் எல்லாம் பேச்சே என்று குழு அறிக்கை கொடுத்தது. கேள்வி எழுப்பிய ஊழியரின் ஆர்வத்தைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும் கடைசி வரை அதையேதான் செய்தார்.

அடுத்த வீட்டு வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் தண்ணீர்த் துறைதான், குழாய்ப் பிரிவு. அவருடைய இலக்கும் சிகரெட்தான். "அண்ணே, நான் டெய்லி ஒரு பாக்கெட் ஊதறேன். நோட்டுல முட்டைதான் போடறேன். எனக்கு வெள்ளி நட்சத்திரம் குடுத்துருக்காங்க. நீங்க ஏண்ணே எழுதித் தொலைக்கிறீங்க?"

"புடிச்சேனே" என்றார் மீட்டர்காரர். அதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை.

இரண்டாவது சிகரெட்டுக்கு இரண்டு நாள், மூன்றாவதற்கு நாலு நாள். அவளுக்கும் விளையாட்டு விட்டுப்போயிற்று. ஆனாலும் நாளுக்கு நாலு பிடித்தவர் அரை வருடத்தில் மூன்றே மூன்று பிடித்திருக்கிறார். வாரியத்தின் கணக்கில் அவர் தொடர்ந்து தவறுபவர்.

பிறகு அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. மாத்திரைக்கு அடங்காமல் ஊழியர் மருத்துவமனைக்குப் போனார்கள். கட்டி என்றார் டாக்டர். பெரிதாகிவிட்டது, அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுவை செய்தே ஆக வேண்டும், அதிலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று அவரை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார். மீட்டர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருத்துவமனை மதிலோரம் நின்று வரிசையாக நாலு சிகரெட் குடித்தார். குடித்து முடித்ததும் குறிப்பேட்டை எடுத்து நாலையும் எழுதினார்.

எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு. மொத்தம் நூற்றிருபது நாள்.

"அம்மா, வியாழக்கெழம அவளுக்கு ஆபரேஷன்" என்றார் சனிக்கிழமை. "பயந்து போயிருக்கா. நான் பேசாம இருந்தா இன்னும் பயப்படுவா. இந்தத் தண்டனைய அப்பறமா வச்சுக்கலாமா?"

"சார், நாங்களா உங்களத் தண்டிச்சோம்?" அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க ஒருத்தரக்கூடத் தண்டிச்சது கெடையாது. அதுதான் எங்க பெருமையே. நீங்க உங்க மேல மேல்முறையீடு பண்ணுங்க. செவ்வாய்க்கெழம விசாரணை வச்சுக்கலாம்."

"அதுக்கு முன்னாடி பேசிட்டா?"

"நாங்க குடுக்கற நன்னடத்தைச் சான்று ரத்தாகும். படுக்கை போயிடும். எல்லாம் உங்க விருப்பம்தான் சார்."

திங்கட்கிழமை மனைவியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கூடவே வாரியத்திலிருந்து ஒரு சாட்சிக்காரரும் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், கையில் அட்டை, அட்டையில் கட்டிய பென்சில். நூறு நாளைத் தாண்டிய தண்டனைகளுக்குத் துணையாக ஒருவரை அனுப்புவது வாரியத்தின் சலுகை. அறுவை அறைக்குள் நோயாளியைக் கொண்டுபோக ஒரு பச்சைச் சீட்டு வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனைவி சாட்சிக்காரருக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, உங்க வேல" என்றாள்.

சாட்சிக்காரர் பழத்தைத் தின்றுகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு சொன்னார். "சார், நீங்க கண்ணால பேசறீங்க. எனக்கு நல்லாத் தெரியுது. எழுதிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கங்களேன்."

மீட்டர்காரர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சுவரில் பச்சைப் பெயின்ட் ஓர் இடத்தில் உரிந்திருந்தது. மூன்று நாள் அந்த இடத்தையே பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. அறையில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. தண்டிப்பவர் நாற்காலிக்கு மெத்தை இருந்தது. நடுவில் வாரியத் தலைவர், பக்கத்தில் பதிவாளர் அம்மாள். மீட்டர்காரரை மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"தண்டிப்பவரே, எதிர்ல இருக்கறவரோட மனுவ வாசிச்சீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

மீட்டர்காரர் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். "வாசிச்சேன் சார். நாந்தான் எழுதினேன்."

"அத அங்க போய்ச் சொல்லுங்க. இங்க நீங்க தண்டிப்பவர்."

எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நாந்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மன்னிக்க விருப்பமா?"

"விருப்பம்தான் சார்."

அம்மாள் இருமினார். "தண்டிக்கப்படுபவர் உங்களுக்கு உறவா?"

"நானேதாம்மா."

"அப்ப நெருங்கின உறவு. நெருங்கின உறவுக்குச் சலுகை காட்டினா அது பாரபட்சம். பன்னிரண்டாம் விதி. வேற யாராவது மன்னிக்கலாம். ஆனா வேற யாரும் உங்களத் தண்டிக்கலையே, அவங்க எப்படி மன்னிப்பாங்க?"

விதி எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது என்று மூன்று பேரில் இரண்டு பேர் ரசித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இளகிய மனசுக்காரர். மேஜையில் சாய்ந்து பேசினார்.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. எனக்கும் ஒரு இலக்கு இருக்கு. தெனமும் காலையில அரை மணி நேரம் நடக்கணும். நடக்காட்டி அதுக்குத் தண்டனை, அன்னிக்குப் பூரா எந்தக் கோப்புலயும் கையெழுத்துப் போடக் கூடாது. கையெழுத்துப் போடறதுன்னா எனக்கு உயிர். அந்த நாள்ல நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். கோப்பு மேஜையில கெடக்கும், பேனா பையில இருக்கும், நான் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அதனால உங்க வேதனை எனக்குப் புரியுது. வியாழக்கெழம உங்களுக்குப் பத்து நிமிஷம் பேச்சுக்கு அனுமதி தர்றேன். என்ன பேசப் போறீங்கன்னு எழுதி மூணு நகல் குடுங்க."

மீட்டர்காரர் கும்பிட்டார். நன்றி சொன்னார். இந்த ஊரில் நன்றி சொல்ல ஆள் இல்லாமல் எந்த அலுவலகமும் இருந்ததில்லை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினார். எண்களை மட்டுமே எழுதிப் பழகிய கை. இப்படி எழுதினார்: 'பயப்படாதே. டாக்டர் நல்லவர். பின்வாசலில் விளக்கு மாற்றிவிட்டேன், இனிமேல் படி தடுக்காது. மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மதிலோரம் நாலு சிகரெட் குடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பேசாத வீட்டுக்கு எனக்குப் போகத் தெரியாது.'

அம்மாள் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வரியைச் சிவப்பு மையால் அடித்தார். "தண்டனை அனுபவிக்கிறவர் பொலம்பக் கூடாது சார். மத்தபடி நல்லாருக்கு. அந்த விளக்கு விஷயம் அருமை."

புதன்கிழமை காலையில் கையெழுத்துக்காகப் போனார். அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். தலைவர் நேற்றும் நடக்கவில்லை, இன்றும் நடக்கவில்லை. மழைத் தூறல். இரண்டு நாள் தண்டனையையும் நேற்று மதியம் இரண்டு மணியிலிருந்து சேர்த்து நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார், வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி வரை. கதவு இடுக்கு வழியாக மீட்டர்காரர் பார்த்தார். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே வேதனையோடுதான் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் மீட்டர்காரரின் கோப்பு.

"ஆபரேஷன் காலையில பதினோரு மணிக்கும்மா."

"அவர் தனக்கே சலுகை காட்ட மாட்டார் சார். எடுத்துக்காட்டான மனுஷன்."

அன்று மாலை மருத்துவமனையில் அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகைப் பார்த்து மனைவி பேச ஆரம்பித்தாள். வழக்கமாகப் படியில் பேசுகிற நேரம் அது.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு எத்தன வீடு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு அவளே பதில் சொன்னாள். "எம்பது வீடு. அந்தக் கோடி வீட்டு நாய் இன்னிக்கும் வெரட்டிச்சு." மறுபடி தன் குரலில், "நீங்க அதுக்கு ஒரு பிஸ்கட் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" மறுபடி அவர் குரலில், "போட்டேன்டி. பிஸ்கட்டத் தின்னுட்டு அப்பறம் வெரட்டுது."

சாட்சிக்காரரின் பென்சில் அட்டைக்கு மேலேயே நின்றது. மனைவி பேசுவது குற்றமில்லை. மனைவி கணவன் குரலில் பேசினால் அது யாருடைய பேச்சு என்று விதியில் இல்லை. இதை யாரும் வாரியத்திடம் கேட்டுவைக்கவில்லை என்பது எவ்வளவு நல்லது. சாட்சிக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போனார். ஆனால் கதவருகிலேயே நின்றார்.

"பயமா இருக்கா உனக்கு?" என்றாள் அவள், கட்டைக் குரலில். பிறகு போர்வையின் ஓரத்தைத் தையலுக்கு மடிப்பதுபோல் மடித்து மடித்து நீவினாள். "ஆமாங்க" என்றாள் கடைசியில், தன் குரலில். "நீங்க இருக்கீங்கல்ல, அது போதும்."

மீட்டர்காரர் பெயின்ட் உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுதால் அது பொருள்படும் சத்தம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குப் படுக்கை போய்விடும். அவள் பிழைக்க வேண்டுமானால் அவர் ஊமையாக இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான கணக்கு இல்லை. இருந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அறுவை அறைக் கதவருகில் சாட்சிக்காரர் பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மீறல் இல்லை என்று எழுதினார். அவள் தலையைத் திருப்பி, "டீ நான் வந்து போடறேன், நீங்க அடுப்புக் கிட்டப் போகாதீங்க" என்று சொன்னாள். கதவு மூடியது.

இரண்டரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. எல்லா டாக்டர்களும் அதை ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள்.

மூன்று மணிக்குச் சாட்சிக்காரர் தாழ்வாரத்தில் வேகமாக நடந்து வந்தார். கையில் ஓர் உறை. "சார், வந்துடுச்சு! ரெண்டு மணிக்கே தலைவர் போட்டுட்டார். பத்து நிமிஷம். ஆனா இன்னிக்கு மட்டும்தான் செல்லும், சீக்கிரமா..." மீட்டர்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த கதவைப் பார்த்தார். உறையை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் அன்று மாலை வரை அப்படியே இருந்தார்கள்.

மீதி நாட்களைப் பற்றிக் கேட்க மீட்டர்காரர்தான் மறுபடி வாரியத்துக்குப் போனார். அவர் புத்தி அப்படி. அம்மாள் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். பிறகு சொன்னார். "தண்டனை தொடரும் சார். அவங்களோட பேசாம இருக்கணும், அவ்வளவுதானே? ஒரு வகையில இனிமே சுலபம். மீற வாய்ப்பே இல்ல."

அதற்கப்புறம் அவர் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. குறிப்பேட்டில் ஏழு வாரம் முட்டை விழுந்ததும் வாரியம் துள்ளிக் குதித்தது. ஆண்டு விழாவில் தங்க நட்சத்திரம் அவருக்கு என்று முடிவாயிற்று. வெள்ளி வழக்கம்போல வெல்டருக்கு.

விழா மண்டபத்தில் தலைவர் பேசினார். "நண்பர்களே, இவர் ஒருத்தர் போதும் நம்ம முறை வெற்றின்னு காட்ட. நாலு சிகரெட் புடிச்சவர் இன்னிக்குப் பூஜ்யம். எப்படி வந்தது? வெளியிலேர்ந்து ஒருத்தர் கை வச்சோமா? இல்ல. அவருக்கு எது உயிரோ அதக் கண்டுபிடிச்சோம். அத அவர் கையாலயே எடுக்க வச்சோம். அவ்வளவுதான் நாங்க செஞ்சது." மண்டபம் கைதட்டியது. வெல்டரும் தட்டினார். அவர் சட்டையிலிருந்து மூன்று வரிசைக்குப் புகை நாற்றம்.

நட்சத்திரத்தைக் குத்திவிட்டு மைக்கை நீட்டினார்கள். மீட்டர்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முத்திரையும் தலைவரின் கையெழுத்தும் இருந்த தாள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"பயப்படாதே. டாக்டர் நல்லவர். பின்வாசலில் விளக்கு மாற்றிவிட்டேன்."

முன்வரிசையில் சிலர், ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். சிவப்பு மையால் அடித்திருந்த இரண்டு வரியையும் விடவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பத்து நிமிடம் ஆகும் வரை வாசித்தார். கடைசியில் சிரிப்பு எதுவும் இல்லை. அம்மாள் எழுந்து சாட்சிக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அனுமதி காலாவதி, பேச்சு மனைவியை நோக்கியது, தெளிவான மீறல். சாட்சிக்காரர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பென்சிலைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருந்தார்.

யாரும் எழுதாவிட்டால் என்ன? அன்று மாலை மீட்டர்காரர் பின்வாசல் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். தவறு என்ற கட்டத்தில், 'இன்று என் மனைவியிடம் பேசினேன், பத்து நிமிடம்' என்று எழுதினார். அடுத்த கட்டம் தண்டனை. அதில், 'முன்னாலேயே வாங்கிக்கொண்டேன்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார், இரண்டு இடத்திலும்.